தனிப் பாதை கேட்போம், ஒதுங்கிப் போக மாட்டோம்

சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று பேசினால், "தனிக்குவளை, தனிச்சுடுகாடு, தனிவழி எல்லாவற்றையும் எதிர்த்த நாமே தனிப் பாதை கேட்கலாமா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சாலை நமக்கு ஒருநாளும் வெறும் தார் அல்ல. 1924இல் வைக்கத்தில் போராடியது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. 1925இல் சமரசம் என்று வந்தபோது மூன்று பக்கத் தெருக்களைத் திறந்தார்கள். கிழக்குத் தெருவை விட்டுவிட்டார்கள். தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு மாற்றுப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

அங்கெல்லாம் கோடு கிழித்தவன் ஆதிக்கசாதிக்காரன். காப்பாற்றப்பட்டது அவனுடைய தெரு. சைக்கிள் பாதையில் நாம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. காரும் லாரியும் மொத்தமாக எடுத்துக்கொண்ட பொதுச் சாலையில் நம் பங்கைப் பிரித்துக் கொடு, அதற்குள் அவை நுழையாதபடி தடுப்புக் கட்டு என்கிறோம்.

இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோன திட்டம் அது. ஆனால் அரசு சைக்கிளைக் கொடுத்தது, பாதையைக் கொடுக்கவில்லை. மண்டகப்பட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிற பிள்ளை விழுப்புரம்–செஞ்சி சாலையில் ஏறியதும் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில்தான் மிதிக்க வேண்டும். விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், விடியலில் துப்புரவுப் பணிக்குப் போகிறவருக்கும் அதே கதிதான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று 2022இல் உயர்த்தினார்கள். சாவுக்கு விலை இருக்கிறது. சாகாமலிருக்க ஒரு தடுப்புக்கல் இல்லை.

தனிப் பாதை உயிரைக் காக்குமா? அமெரிக்காவின் 12 பெருநகரங்களில் 13 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து மார்ஷல், ஃபெரன்சாக் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகள் அதிகமுள்ள நகரங்களில் எல்லா வகைப் பயணிகளின் சாலை மரணமும் குறைவு என்கிறது. வெறும் வெள்ளைக்கோடு அந்தப் பலனைத் தரவில்லை. நம் ஊரில் கோடு போட்டால் மறுநாள் அதன்மேல் கார் நிற்கும் என்பதற்கு ஆய்வே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோபன்ஹேகனில் பாதை போட்ட இடங்களை ஆராய்ந்தபோது, சந்திப்புகளில் விபத்து கூடியிருந்தது தெரிந்தது. திரும்புகிற வண்டி, ஓரப்பாதையில் வருகிற சைக்கிளைக் கவனிப்பதில்லை. ஆகவே சந்திப்பில் வண்டி வேகத்தைக் குறைக்காமல், தனி சிக்னல் வைக்காமல், நடுவழியில் மட்டும் தடுப்புக் கட்டுவது பாதி வேலை.

"சைக்கிளும் ஒரு வாகனம்தான், மற்ற வாகனங்களோடு சமமாக ஓட்டப் பழகு" என்று அமெரிக்காவின் ஜான் ஃபாரஸ்டர் வாழ்நாள் முழுக்க வாதாடினார். கேட்க நன்றாக இருக்கிறது. 20 கிலோ சைக்கிளுக்கும் 20 டன் லாரிக்கும் ஒரே விதி என்பது சமத்துவமா? இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் பேசுகிற 'தகுதி' வாதத்தை இத்தனை காலம் கேட்ட நமக்கு இந்தக் குரல் புதிதல்ல.

ஆனால் தனிப் பாதையைக் காட்டி நம்மைச் சாலையிலிருந்தே துரத்துவார்கள் என்ற பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 2013இல் கொல்கத்தா காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. அடி வாங்கியவர்கள் பால்காரர்களும் பேப்பர் போடுகிறவர்களும். டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் பிரித்துக் கொடுத்த தடத்தை எதிர்த்துக் கார்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கே தோற்றார்கள். கடைசியில் அரசே அதைப் பெயர்த்து எறிந்தது. ஹைதராபாத்தில் 2023இல் வெளிவட்டச் சாலையோரம் சூரியத்தகடு கூரையோடு 23 கிலோமீட்டர் பாதை திறந்தார்கள். ஐடி கம்பெனிகள் இருக்கிற பக்கத்துக்குக் கூரை போட்டே பாதை வருகிறது. காலனி வாசலுக்கு எப்போது வரும்?

ஆகவே நம் கோரிக்கையில் நான்கு விஷயம் விட்டுப்போகக் கூடாது. பாதைக்கான இடத்தை வண்டித் தடத்திலிருந்து எடுக்க வேண்டும், நடைபாதையிலிருந்தோ தள்ளுவண்டிக் கடைக்காரரிடமிருந்தோ பிடுங்கக் கூடாது. அது காலனியில் தொடங்கிப் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் வரை போக வேண்டும். சந்திப்புகளில் உடைந்துபோகக் கூடாது. பாதை இருக்கிறது என்பதற்காக மற்ற சாலைகளில் சைக்கிளைத் தடை செய்யக் கூடாது.

சென்னை மாநகராட்சி 2014லேயே போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அந்தக் கணக்கு ஏன் பொருந்தாது? மாணவத் தோழர்களே, இரண்டு நகராட்சிகளிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு சாலை நிதியில் சைக்கிளுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்? வருகிற பதிலை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோம். சைக்கிளிலேயே போவோம், நடுச்சாலையில்.