அளவறியா வாயில்

சிங்கப்பூர் இல்லங்களில் இணையத்திற்கு வாயிலாக நிற்பது ரவுட்டர் எனும் திசைவி. அவ்வாயில் உடைபடும்போதெல்லாம் வீட்டாரின் கவனக்குறைவே காரணம் எனப் பழிப்போர் உளர். 2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப் இணையச் சேவை தாக்குண்டபோது, வாடிக்கையாளரின் தொற்றுற்ற கருவிகள் அதற்குக் கருவியாயின என அந்நிறுவனம் அறிவித்தது. கடவுச்சொல்லை மாற்றாமை வீட்டார் பிழையெனில், அஃது ஒருவாறு பொருந்தும்.

நினைவக வழிதல் என்னும் குறையோ அத்தகையதன்று. 512 எழுத்துகளுக்கென ஒதுக்கிய இடத்தில், நீளம் பாராது மிகுதியை ஏற்கிறது மென்பொருள். வழிந்தவை அண்டை நினைவகத்தை அழித்தெழுதுகின்றன. தொலைவிலுள்ள பகைவன் கடவுச்சொல் இன்றியே கருவியை ஆளுகிறான். தேக்காவில் மளிகைக் கடை நடத்துபவர் இதனை எங்ஙனம் அறிவார்? எங்ஙனம் தடுப்பார்? இக்குறையின் கேட்டை 1988 நவம்பரில் பரவிய மாரிஸ் புழுவே உலகிற்கு உணர்த்திவிட்டது. இன்றும் அளவு பாராது நிரல் எழுதுவது அறியாமையன்று, அலட்சியம்.

2021 ஏப்ரல் 13 முதல், இங்கு விற்கப்படும் புதிய வீட்டுத் திசைவிகள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே பெறும் வசதி உடையனவாதல் வேண்டும் எனத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விதித்தது. நல்ல விதியே. ஆயினும், ஆக்கியோன் கைவிட்ட கருவிக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்? பால் பொட்டலத்தில் காலாவதி நாள் அச்சிடப்படுகிறது. திசைவிப் பெட்டியின் முகப்பிலும், திருத்தம் கிடைக்கும் இறுதி ஆண்டு பொறிக்கப்படுதல் வேண்டும். அதுவரை, குற்றம் வாங்கியவருடையதன்று, விற்றவருடையதே.