மெயில் மணி அடித்தால் பாடத்தை நிறுத்த வேண்டுமா?



போன கிழமை ஒரு கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னார்: "மெயில் வந்து பத்து நிமிசத்துக்குள்ள பதில் போடாத சேர்மாருக்குப் பொறுப்பில்ல." பலர் தலையாட்டினார்கள். கூட்டத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விடவும் மனமில்லை. நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் நடக்கிற நேரத்தில் மெயில் பார்க்கிற ஆசிரியர்தான் பொறுப்பில்லாதவர். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், வேறொரு பாடசாலையில். எதுவென்று கேட்காதீர்கள். தரம் 10க்கு விஞ்ஞானம். என் மடிக்கணினியை புரொஜெக்டரில் மாட்டி இதயத்தின் படம் காட்டிக்கொண்டிருந்தேன். திரையின் வலது பக்க மூலையில் டிங் என்று ஒரு பெட்டி எழும்பியது. தலைப்பு: வசதிக் கட்டணம் செலுத்தாதோர். கீழே முதல் வரியில் முதல் பெயர். அந்தப் பெயருக்குரிய பிள்ளை மூன்றாவது வாங்கில் இருந்தான். தாய் கொழுந்து பறிப்பவர், தகப்பன் இல்லை. பெட்டி நாலைந்து விநாடிதான் நின்றிருக்கும். சுவரில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது எனக்குத்தான் தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் அவனுடைய லயத்துக்குப் போய், வாசலில் நின்று, தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றார் அவர். எனக்குத்தான் பரவாயில்லாமல் இல்லை.

மெயில் அனுப்பியவரையும் குறை சொல்லலாம். ஆனால் அந்த மணியை அணைக்காமல் வைத்திருந்தது நான். கணினியில் நோட்டிபிகேஷன் என்றால் சத்தம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அனுப்பியவர் பெயர், தலைப்பு, முதல் வரி என்று எல்லாம் திரையில் வரும். நம் மெயிலை நமக்கு முன்னால் வகுப்பே வாசித்துவிடும்.

"கண்டுக்காம விட்டா போச்சு" என்பார்கள். விட முடியாது. எழுத்துத் தெரிந்த கண் எழுத்தைக் கண்டால் வாசித்துவிடும். வாசித்த பிறகு மனம் இதயத்தின் நாலு அறைக்குள் திரும்பி வர நேரம் எடுக்கும். ஆசிரியருக்கே அப்படியென்றால் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு?

நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தப்பால்காரர் ஒரு நாளைக்கு ஒரு தடவை தபாற்கந்தோருக்குப் போய் பையைச் சுமந்து வருவார். கடிதம் தோட்டத்துக் கந்தோரில் இறங்கும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் எத்தனை! அப்போது தேவையான கடிதம் வந்து சேரவில்லை. இப்போது தேவையில்லாத கடிதம் நிமிசத்துக்கு ஒன்று வருகிறது, தேவையான கடிதம் அதற்குள் புதைந்துபோகிறது. இரண்டிலும் நட்டம் நம் பிள்ளைக்குத்தான்.

மிகைப்படுத்தவில்லை. என் மெயிலில் ஒரு நாள் வாசிக்காதவை 2,317 என்று காட்டியது. உட்கார்ந்து பார்த்தேன். கடை விளம்பரம், வங்கி விளம்பரம், யாரோ ஒருவர் படம் போட்டார் என்று பேஸ்புக் அனுப்பிய செய்தி. அந்த இலக்கம் எண்ணிக்கையைத்தான் சொல்லும், எது முக்கியம் என்று சொல்லாது. அதைக் கடன் பாக்கி மாதிரிப் பார்த்து பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், "எனக்கு நாலாயிரம்" என்று பெருமையடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முக்கியமான மெயில் கண்ணில் படாது. உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். பல்கலைக்கழக விண்ணப்பம் ஒன்லைனில்தான், அதற்கு மெயில் முகவரி வேண்டும். டவுனில் கொமியூனிகேஷன் கடைத் தம்பி ஒன்றைத் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்ட் அவருக்குத்தான் ஞாபகம், அவருக்கும் ஞாபகமோ தெரியாது.

"அணைத்து வைத்தால் அவசரமானது தவறிப்போகுமே?" நியாயமான கேள்வி. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள், 2015இல் வெளியானது. ஒரு கிழமை நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு கிழமை விரும்பியபடி. மூன்று தடவை பார்த்த கிழமையில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. நமக்கு இது புதிதா? பாங்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவைதான் ஒலிக்கிறது, அதற்கும் நேரம் உண்டு. பள்ளிவாசல் வாசலில் "போனை அணைக்கவும்" என்று ஒட்டி வைத்திருக்கிறோம். வகுப்பறை வாசலில் ஏன் இல்லை?

செய்வது இலகு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே பல்சக்கரப் படத்தை அழுத்தி, எல்லா செட்டிங்ஸையும் காட்டச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலேயே டெஸ்க்டொப் நோட்டிபிகேஷன் என்று இருக்கும். அதில் 'மெயில் நோட்டிபிகேஷன் ஓஃப்' என்பதைத் தெரிந்து, கீழே போய் சேமியுங்கள். சேமிக்காமல் விட்டு "வேலை செய்யல்ல சேர்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். விண்டோஸ் 11இல் 'டூ நொட் டிஸ்டர்ப்' உண்டு, புரொஜெக்டர் மாட்டுவதற்கு முன் அதைப் போடுங்கள். விளம்பர மெயில்களில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கும். ஒரு போயா நாளில் உட்கார்ந்து அழுத்தி முடியுங்கள்.

ஆனால் பட்டனோடு விஷயம் முடியவில்லை. காலை பத்து மணிக்கு அனுப்பி, பன்னிரண்டு மணிக்குள் விபரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் துணிந்து மணியை அணைக்க மாட்டார். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நாங்கள் எங்கே இருப்போம் என்று அவர்களுக்குத் தெரியாதா? பிரான்ஸில் 2017 முதல், அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்கும் உரிமையைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வேலை நேரத்தில் வேலை செய்ய விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகளின் பெயரைத் தலைப்பிலும் முதல் வரியிலும் போடாதீர்கள் என்றும் கேட்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நான் காலை ஏழு மணிக்கும், 1.30 பெல் அடித்த பிறகும், இஷாவுக்குப் பிறகும் மெயில் பார்க்கிறேன். பிள்ளைக்குச் சுகமில்லை, வீட்டில் மௌத்து, மண்சரிவு என்றால் மெயில் போட வேண்டாம். பாடசாலைக்குப் போன் எடுங்கள், யாராவது வகுப்புக்கு வந்து என்னைக் கூப்பிடுவார்கள்.