பத்மினிக்கு ஏசி மாட்டும் புண்ணியவான்களுக்கு...

மொதல்லயே சொல்லிடறேன் மக்கா, இது நாட்டியப் பேரொளி பத்தின பதிவு இல்லை. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இப்ப அபிராமபுரம் வீட்டு போர்டிகோவில் என் பொறுப்பில் நிக்கற பிரீமியர் பத்மினி பத்தினது.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா ஒரு மெக்கானிக்கோட வந்து இறங்கினார். "ஏசி போட்டுடலாம்டா, வெயில்ல உக்கார முடியல." மெக்கானிக் ஒரு படி மேலே போய், "முன்கதவு முக்கோணக் கண்ணாடியைத் தூக்கிட்டு ஒரே கண்ணாடியா போட்டுடலாம் சார், காத்து லீக் ஆகாது"ன்னார். யோவ், காத்து லீக் ஆகறதுக்குத்தான்யா அதை வச்சிருக்கான்!

சித்தப்பாவைக் கேட்டேன், "இதை என்னிக்காவது திறந்திருக்கீங்களா?"

"அது சிகரெட் சாம்பல் தட்டறதுக்கு இல்லையா?"

இதான் மேட்டர். வண்டியில காத்து இல்லாம இல்லை, திறக்கத் தெரியலை.

கொக்கியை எடுத்துட்டு பின் ஓரத்தை ரெண்டு விரக்கடை வெளியே தள்ளுங்க. வண்டி ஓடும்போது அந்த ஓரத்துக்குப் பின்னாடி அழுத்தம் குறையும். உள்ளே இருக்கற சூட்டுக் காத்தை அது இழுத்து வெளியே போடும். மழையில் பெரிய கண்ணாடியை இறக்காமலே புழுக்கம் போக இதான் வழி. இன்னும் நல்லா திருப்பினா கண்ணாடி காத்தை மடக்கி நேரா மூஞ்சில அடிக்கும். பின்சீட் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிட்டா காத்து குறுக்கே ஓடும். எல்லாம் ஒரு கையால, ரோட்டுலேர்ந்து கண்ணை எடுக்காம.

ஏசி போட்டா என்ன ஆகும்? 1089 சிசி எஞ்சின். கம்ப்ரெஸரையும் அதான் பெல்ட் போட்டு இழுக்கணும். கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டுவாங்க, ரேடியேட்டருக்குப் போறதே சுட்ட காத்து. லஸ் சிக்னல்ல பானெட்டைத் திறந்து வச்சுட்டு நிக்க வேண்டியதுதான். பழைய வண்டியில எஞ்சின் கொதிச்சா ஹீட்டரை முழுசா திறந்து விடறது பழைய டிரைவர்கள் வித்தை. எஞ்சின் சுடுதண்ணிதான் ஹீட்டருக்குள்ள ஓடுது, அதனால சூடு கொஞ்சம் இறங்கும். ஏசி போட்ட வண்டியில கத்திரி வெயில்ல ஹீட்டர் போடற கூத்து தேவையா?

ஒரு வாக்குமூலம். ஆபீஸ்ல நான் புடுங்கற ஆணியே கார் டச் ஸ்கிரீன்ல ஏசி பட்டன் வைக்கறதுதான். ஃபேனைக் கூட்ட மூணு தடவை தொடணும், மூணு தடவையும் பாக்கணும். ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026லேர்ந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் மாதிரி விஷயங்களுக்கு நிஜ பட்டன் இருந்தாத்தான் முழு மார்க்குங்குது. ஏசி அந்த லிஸ்ட்ல இல்லை. அந்த முக்கோணத்தைப் பண்ணினவன் என்னைவிட நல்ல இஞ்சினியர்.

தூசி வருதா? வருது. மே மாச மத்தியானம் வேர்க்குதா? வேர்க்குது. அன்னிக்கு கால் டாக்சி கூப்பிடுங்க. 1964ல் ஃபியட் 1100 டிலைட்டா வந்த வண்டி இது. மும்பை டாக்சியாக்கூட 2023 அக்டோபரோட முடிஞ்சுபோச்சு. கழட்டினதை எவன் திருப்பி மாட்டுவான்?

"அது எங்கப்பா வண்டிடா"ன்னார் சித்தப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவரைப் பக்கத்துல உக்கார வச்சு, சாயங்காலம் கடல் காத்து வர்ற நேரம் மெரினா வரைக்கும் ஓட்டப் போறேன். முக்கோணத்தை அவர்தான் திறக்கணும்.

டிஸ்கி: மெக்கானிக் வர்றது ஞாயித்துக்கிழமை. நான் ஓட்டப்போறது சனிக்கிழமை. சாவி என் பாக்கெட்ல.