ஸ்டூடியோவில் காணாமல் போன றபான்

இசை ஆகுமா ஆகாதா என்ற பேச்சை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். இது வேறு விசயம்.

எங்கட பெடியங்கள் நாலு பேர் கிற்றார், ட்ரம்ஸ், ஒரு றபான் வைத்துக்கொண்டு பாட்டொன்று கட்டினார்கள். 1990 ஒக்ரோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகத் தெருவை விட்டு வெளிக்கிட்ட ஒரு உம்மம்மாவின் கதை. மண்டபத்தில் கேட்டபோது எங்களில் சிலர் அழுதேவிட்டோம். காசு சேர்த்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினோம். திரும்பி வந்த பாட்டில் றபான் இல்லை, கொம்பியூட்டர் தாளம்தான் இருந்தது. பெடியன் தழுதழுத்த இடத்தை ஓட்டோடியூன் நேராக்கிவிட்டது. நல்ல துப்புரவான பாட்டு. யார் பாடியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

றெக்கோர்டிங்கில் 'புரொடியூசர்' என்றால் படத்துக்குக் காசு போடுகிறவர் அல்ல. எந்த வாத்தியம் முன்னுக்கு, எது பின்னுக்கு, எந்தப் பிழையை விடுவது, எதைத் திருத்துவது என்று தீர்மானிப்பவர். 1965இல் பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு நாலு தந்தி வாத்தியங்கள் சேர்ப்போம் என்றார் ஜோர்ஜ் மார்ட்டின். போல் மக்கார்ட்னி முதலில் தயங்கினார். பிறகு இருவரும் கூட இருந்தே அதை அமைத்தார்கள். 1970இல் பில் ஸ்பெக்டர் அதே மக்கார்ட்னியின் இன்னொரு பாட்டுக்கு, அவரைக் கேளாமலே பெரிய வாத்தியக் குழுவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றிவிட்டார். மக்கார்ட்னிக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை. 2003இல் அந்தச் சோடனை இல்லாத பதிவொன்று இறுவட்டாக வந்தது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஒருவர் கேட்டுச் செய்தார், மற்றவர் கேட்காமல் செய்தார்.

தமிழிலும் பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் டென்மா என்ற இசைத் தயாரிப்பாளர் கானாப் பாடகர்களையும் றொக் கிற்றாரையும் ஒன்றாக நிறுத்தினார். பறையைப் பின்னுக்குத் தள்ளவில்லை, கானாக் குரலைச் சினிமாக் குரலாக்கவுமில்லை.

ஸ்டூடியோக்காரரில் மட்டும் பிழை சொல்ல ஏலாது. காசைக் கொடுத்தோமே தவிர, எங்களுக்கு என்ன வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழமையாகச் செய்வதை அவர் செய்தார். பாட்டு வந்த அன்று, "சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கு" என்று மெச்சியதும் நாங்கள்தான். றபான் அடித்த பெடியன் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

திரும்பப் பதிவு செய்யப் போகிறோம். இந்த முறை எங்களில் இருவர் கூடப் போவோம். றபானுக்குத் தனி மைக் வேண்டும், குரலில் கை வைக்க முன் பெடியனைக் கேட்க வேண்டும். காசு கொஞ்சம் குறைகிறது. உதவ விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.