சோழகமும் திமிங்கிலமும்

கடலைக் காணச் செல்வது வேறு. காட்சி காட்டுமாறு கடலுக்குக் கட்டளையிடுவது வேறு. திருகோணமலையிலும் மிரிஸ்ஸவிலும் நடைபெறும் திமிங்கிலம் பார்க்கும் பிரயாணங்கள் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தவை என்பதே இன்று நாம் எழுப்பவேண்டிய வினா.

படகேறுவோர் முதலிற் குறைகூறுவது காற்றையே. படகு ஆடுகிறது, தலை சுற்றுகிறது, வயிறு புரட்டுகிறது என்பர். ஆயின், அவர்கள் தேடிவந்த விருந்தாளியை அழைத்து வருவதில் அக்காற்றுக்குப் பெரும் பங்குண்டு. பருவக்காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளிச் செல்லும்போது ஆழத்திலுள்ள ஊட்டமிக்க குளிர்நீர் மேலெழுகிறது. அதிலே கண்ணுக்குப் புலனாகாத பாசியினங்கள் செழிக்கின்றன. அவற்றைச் சார்ந்து சிற்றிறால்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண, உலகின் மிகப் பெரிய உயிராகிய நீலத் திமிங்கிலம் வருகிறது. பிற சமுத்திரங்களின் நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகத் துருவப் பக்கத்துக் குளிர்கடல்களை நாடுவன. நமது கடலில் உள்ளனவோ ஆண்டு முழுவதும் வெப்பக்கடலிலேயே வாழ்வன. காற்றைப் பழிப்பவர் அறியாமலே திமிங்கிலத்தின் அடுப்பை அணைக்க விரும்புகிறார் எனலாம்.

காற்றுக்கு வஞ்சகமும் உண்டு. சோழகம் வீசும் மாதங்களில் திருகோணமலைக் கரை அமைதியாயிருக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதே காரணம். கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் கண்ணாடி போற் தோன்றும். தொலைவு செல்லச் செல்ல அலை வளரும். திரும்பும்போது முகத்தெதிரே காற்றை வைத்துப் படகைச் செலுத்த வேண்டும். கடற்றொழிலாளர் இதனைப் பாட்டன் காலத்திலிருந்தே அறிவர். அறிந்திருந்தும் சிலர் ஏன் காற்று மிகுந்த நாளிலும் புறப்படுகின்றனர்? கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமையே காரணம். அதே நெருக்கடிதான் திமிங்கிலத்தைத் துரத்தவும் வைக்கிறது. நூறு மீற்றருக்குள் நெருங்கலாகாதென 2012 ஆம் ஆண்டின் பிரமாணங்கள் விதிக்கின்றன. ஆயினும் ‘இன்னும் கிட்டப் போ’ என்று கைநீட்டும் பிரயாணியின் முன்னே விதி தோற்றுவிடுகிறது.

இதற்குப் படகோட்டியை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நீதியன்று. நீண்ட யுத்தத்தினாற் பல்லாண்டு கடலை இழந்திருந்த மக்கள் அவர்கள். 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைத் திமிங்கிலங்களை உலகறியச் செய்தனர். 1983 இல் மூண்ட போர் அக்கதவை மூடியது. 2009 இன் பின் கிடைத்த பிழைப்பை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சொல்லவேண்டியது வேறொன்று: கட்டணம் பிரயாணத்துக்கே உரியது, திமிங்கிலத்துக்கு உரியதன்று என்பது முன்கூட்டியே தெளிவாகட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாளில் எந்தப் படகும் புறப்படாதிருக்கட்டும். அன்றைய நட்டத்தைப் படகோட்டிகளின் சங்கங்கள் பொதுநிதியொன்றினாற் பகிர்ந்துகொள்ளட்டும். ‘காணாது திரும்பியவன் மறுமுறை வருவானா?’ என்று கேட்பர். கலைக்கப்பட்ட திமிங்கிலம் மறுமுறை வருமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிக்க கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கிறது. அங்கே கப்பல் மோதித் திமிங்கிலங்கள் மாண்டதுண்டு. 2022 இல் எம்.எஸ்.சி. என்னும் பெரும் கொள்கலன் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே விலக்கிச் செலுத்த முன்வந்தது. மலைபோன்ற கப்பல்கள் வழிவிடும்போது, சிறு படகு நூறு மீற்றர் தள்ளி நிற்றல் பெரிய தியாகமா?

இனி, பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திமிங்கிலம் தோன்றாத வேளையைப் பிரயாணிகள் வெறுமை என்கின்றனர். அவ்வேளையில் அலைத் தாழிகளினூடே, நீரிற் கால்களைத் தட்டித் தட்டிப் பறக்கும் சிறு கரும்பறவை ஒன்றைக் காணலாம். ‘வில்சன் ஸ்ரோம் பெற்றல்’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ நாற்பது கிராம் நிறையுள்ள அச்சிற்றுயிர் தென்துருவக் கரைகளிற் குஞ்சு பொரித்துவிட்டு நம் கடல்வரை வருகிறது. அதனை நோக்காமல் கைத்தொலைபேசியில் முகம் புதைப்பவனுக்குத் திமிங்கிலத்தைக் காட்டியும் பயன் என்ன?

சோழகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் ஒவ்வொரு திசைக்கும் பெயரிட்ட மொழி நமது மொழி. ஆனால் ஆலா, கடற்காகம் என்ற இரண்டொரு சொல்லோடு நம் பாடசாலைகளின் கடற்பறவை அறிவு முடிந்துவிடுகிறது. கரையோர ஆசிரியர்கள் மாணவரை முதிய கடற்றொழிலாளரிடம் அனுப்பட்டும். அவர்கள் வழங்கும் பெயர்களை எழுதி வரச் செய்யட்டும். பெயர் தெரிந்த உயிரை எவரும் எளிதில் துரத்தார். கோணேசர் மலையின் உச்சியில் நின்றும் திமிங்கிலத்தின் மூச்சைக் காணலாம். அதற்குப் படகும் வேண்டியதில்லை, கட்டணமும் வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.