சர்வாதிகாரியின் சிற்பத்தை என்ன செய்வது?

இத்தாலியின் வடக்கே, அல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே போல்சானோ என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே அரசாங்க நிதி அலுவலகத்துக்கு முன்னால் நின்று தலையை நிமிர்த்தினால் முசோலினி தெரிவார். 36 மீற்றர் நீளமான கற்சிற்பத்தின் நடுவில், குதிரைமேல் கையை உயர்த்தியபடி இருக்கிறார். கூடவே மூன்று கட்டளைகள்: நம்பு, கீழ்ப்படி, போரிடு.

முசோலினி கொல்லப்பட்டது 1945இல். ஆனால் இந்தச் சிற்பத்தின் மிச்சப் பகுதிகளைச் சுவரில் ஏற்றி முடித்தது 1957இல். ஆளே இல்லாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்து!

இது யாரை நோகடித்தது என்று பாருங்கள். முதல் உலகப் போர்வரை அந்தப் பகுதி ஆஸ்திரியாவோடு இருந்தது. அங்கே பெரும்பாலானோர் பேசியது ஜெர்மன். பாசிச அரசு ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப் பெயர்களை இத்தாலிய மொழிக்கு மாற்றியது. பிள்ளைகள் தாய்மொழியை இரகசிய வகுப்புகளில் படித்தார்கள். இது எப்படி வலிக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அப்படியென்றால் உடைத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் போல்சானோ நகரத்துக்குள் இப்போது இத்தாலிய மொழி பேசுபவர்களே அதிகம். அதே நகரத்தில் முசோலினி காலத்து வெற்றி வளைவு ஒன்றும் இருக்கிறது. அந்தச் சதுக்கத்துக்கு 'அமைதிச் சதுக்கம்' என்று பெயர் மாற்றினார்கள். 2002இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மை மக்கள் பழைய 'வெற்றிச் சதுக்கம்' என்ற பெயரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். உடைத்தால் ஒரு பக்கம் கொதிக்கும், விட்டால் மறுபக்கம் புண்படும்.

கடைசியில் அவர்கள் உடைக்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. வெற்றி வளைவின் அடியில், அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்லும் கண்காட்சியை 2014இல் திறந்தார்கள். 2017இல் முசோலினி சிற்பத்தின் மேல் ஒளிரும் எழுத்துகளில் ஒரு வரியைப் பொருத்தினார்கள். நாசிகளிடமிருந்து தப்பிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டின் வரி அது. கீழ்ப்படியும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை என்பது அதன் பொருள். ஜெர்மன், இத்தாலியன், லதின் என்று அந்த மண்ணின் மூன்று மொழிகளிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. 'கீழ்ப்படி' என்று கல் சொல்கிறது. 'முடியாது' என்று வெளிச்சம் சொல்கிறது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: பெரிய பிழை நடந்தால் அதன் பதிவை அழிக்க மாட்டோம். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பக்கத்தில் எழுதி வைப்போம். பதிவை அழித்தால் அதே பிழை வேறு பெயரில் திரும்ப வரும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த ஒரு வரி மட்டும் காயத்தை ஆற்றவில்லை. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, 1972இல், அந்த மாகாணத்துக்கு விரிந்த தன்னாட்சி கிடைத்துவிட்டது. இன்று அங்கே ஜெர்மன் ஆட்சிமொழி. பிள்ளைகள் பகிரங்கமாகத் தாய்மொழியில் படிக்கிறார்கள். முதலில் உரிமை வந்தது, பிறகுதான் சிற்பத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

ஆகவே யாராவது போல்சானோவைக் காட்டி, "கிளிநொச்சியில் நிற்கும் வெற்றிச் சின்னத்தையும் பழகிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: அதன் பக்கத்தில் எங்கள் வரியை எங்கள் மொழியில் எழுத விடுவீர்களா?

விழுந்த சர்வாதிகாரியின் சிற்பத்தை ஒரு சமூகம் வைத்திருக்கலாம். கடைசி வார்த்தை மட்டும் அவனுடையதாக இருக்கக் கூடாது. அதை எழுத வேண்டியவர்கள், அவனால் வாய் மூடப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான்.