அட்டவணையின் முதல் வரிசை

பெங்களூரில் ஞாயிறு காலை கனகபுரா சாலையிலிருந்து விலகித் துரஹள்ளிக் காட்டுக்குள் நுழையும் மலைமிதிவண்டிக் குழுக்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். பாறைச் சரிவு முடிந்ததும் ஒருவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் குழுவிலேயே மெலிந்தவர் அவர்தான். பல நேரங்களில் ஒரு மாணவி. பிடியைத் தளர்த்து, முழங்கையை மடக்கு, பயத்தை விடு என்று உடனடியாக அறிவுரைகள் வந்து சேரும். இவற்றில் எதுவும் தவறான அறிவுரை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவருடைய முன்சக்கர ஃபோர்க்கை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால், மேற்குழாயில் புழுதி கலைந்திருக்கும் உயரம் கதையைச் சொல்லிவிடும். 100 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க் அவ்வளவு கரடான பாதையிலும் 40 மி.மீ.தான் அமுங்கியிருக்கும். மிச்சமுள்ள 60 மி.மீ.க்கும் அவர் பணம் கொடுத்திருக்கிறார்; மேடேறும்போதெல்லாம் அதன் எடையையும் சுமந்திருக்கிறார்.

இது திறமைக் குறைவு என்று அவரும் நம்பிவிடுகிறார் என்பதுதான் வருத்தத்துக்குரியது. உண்மையில் இது எடை பற்றிய எளிய கணக்கு. ஓட்டுநர் தமது வழக்கமான நிலையில் நின்றவுடன், எந்தக் குழியிலும் இறங்குவதற்கு முன்பே, ஃபோர்க் சற்று அமிழ வேண்டும். ‘சேக்’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் இந்த அமிழ்வு மொத்தப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவான வழக்கம். சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போகவும் பள்ளத்தில் விழும்போது கீழே நீண்டு தரையைத் தொடவும் அந்த இடைவெளி தேவை. 80 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. அமிழும் அதே சுருள்வில், 48 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 15 மி.மீ.தான் அமிழும். விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதத்தைப் பதினொன்றாம் வகுப்பில் படித்த எவரும் இதைத் தாளில்லாமலே போட்டுவிடலாம். முத்திரை வளையங்களின் உராய்வு ஓட்டுநரின் எடையைக் கேட்டுக்கொண்டு குறைவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், மெலிந்தவருக்குச் சிறிய கற்கள் எல்லாம் நேராக மணிக்கட்டுக்குத்தான் போகின்றன.

மலைமிதிவண்டிக்கான ஃபோர்க்கின் வரலாறு நீண்டதன்று. மோட்டார் சைக்கிள் உலகிலிருந்து வந்த பால் டர்னர் 1989இல் அமெரிக்காவில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியின் மலையிறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் அதன் ஃபோர்க்குடன் வென்றார். அத்தகைய ஓட்டுநர்களின் உடல்கள் அந்தப் பொறியியலின் முதல் சோதனைச்சாலையாக இருந்தன. அதில் குற்றம் ஏதுமில்லை. யாரோ ஒருவருடைய உடலில்தான் சோதிக்க முடியும். கேள்வி, அந்த உடல் பிறகு என்னவாக ஆகிறது என்பதே.

அந்நிறுவனத்தின் காற்றழுத்த ஃபோர்க்குகளின் காலில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும்: இவ்வளவு எடைக்கு இவ்வளவு பி.எஸ்.ஐ. பல மாடல்களில் அதன் முதல் வரிசை ‘63 கிலோவுக்குக் கீழ்’ என்று தொடங்குகிறது. அதற்கு மேலுள்ள எடைகள் எட்டு ஒன்பது கிலோ இடைவெளியில் தனித்தனி வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருக்க, 63க்குக் கீழுள்ள மனிதர்கள் அனைவரும் ஒரே வரிசையில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் திருத்திய பரிந்துரையில் மாதிரி இந்திய ஆணின் எடை 65 கிலோ, பெண்ணின் எடை 55 கிலோ. அதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஆணுக்கே 60 கிலோதான். ஊட்டச்சத்துக் கணக்குக்காக வகுக்கப்பட்ட இலட்சிய எடைகள் இவை. விடுதி உணவில் வாழும் ஆய்வு மாணவர்கள் இதிலும் குறைந்திருப்பார்கள் என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை. ஆக, நம் நாட்டில் பெருந்தொகையினரின் எடை, அந்த அட்டவணைக்கு ஒரு ‘முதலியன’.

மொழியியல் மாணவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. 1930களில் பிராக் மொழியியலாளர்கள், குறிப்பாகத் துரூபெட்ஸ்கோயும் யாக்கப்ஸனும், எதிர்நிலை இணைகளில் ஒன்று குறியற்றதாகவும் மற்றொன்று குறியேற்றதாகவும் இருப்பதை விளக்கினார்கள். தமிழில் ‘மருத்துவர்’ என்றால் போதும். ‘பெண் மருத்துவர்’ என்றால்தான் அடைமொழி தேவைப்படுகிறது. கடைகளில் ‘எடை குறைந்தவருக்கான அமைப்பு’ என்ற சொற்றொடர் உண்டு. ‘80 கிலோ எடையுள்ளவருக்கான ஃபோர்க்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. அது வெறும் ஃபோர்க். குறியற்ற வடிவத்தின் வலிமையே, தனக்கும் ஓர் அளவு உண்டு என்பதை மறக்கச் செய்வதில் இருக்கிறது. 1970களில் உருவான ஹைபிரிட் 3 என்னும் மோதல் சோதனைப் பொம்மை ஏறக்குறைய 78 கிலோ எடையுள்ள ஆணுரு. பின்னர் வந்த 49 கிலோ எடைப் பெண்ணுரு, பெரும்பாலும் அதன் சிறுத்த படிவமாகவே அமைந்தது. ஃபோர்க்கில் உயிர்ப்பலி கேட்கும் அளவு விபரீதம் இல்லை. அதனாலேயே அது கண்ணில் படுவதுமில்லை.

பெங்களூர்க் கடைகளில் நுழைவுநிலை வண்டிகள் எஃகுச் சுருள்வில் ஃபோர்க்குகளோடுதான் பெரும்பாலும் வருகின்றன. அவற்றின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் ஃபோர்க் மென்மையாகும் என்று கடைக்காரர் சொல்வார். வாங்குபவரும் திருகிப் பார்த்து மகிழ்வார். அந்தத் திருகு சுருள்வில்லின் தொடக்க அழுத்தத்தை மட்டுமே மாற்றுகிறது. சுருள்மாறிலி இருந்தபடியே இருக்கும். முழுவதும் தளர்த்திய பின்னும் அமிழ்வு போதவில்லை என்றால், திருகால் செய்யக்கூடியது அவ்வளவுதான். மென்மையான சுருள்வில் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் அதை மாற்றலாம். கிடைக்காது என்றால், 48 கிலோ ஓட்டுநருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள, அசையாத ஃபோர்க் ஓர் அலங்காரம். அதே உயரத்துக்கு வடிவமைக்கப்பட்ட விறைப்பான ஃபோர்க்கும், சற்றே அகன்று காற்றுக் குறைத்த டயரும் அவருக்கு அதைவிட நன்மை செய்யும். இந்தப் பரிந்துரை கடைகளில் கேட்பது அரிது. விறைப்பான ஃபோர்க் வண்டியின் தோற்றத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சம் விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு.

காற்றழுத்த ஃபோர்க் வைத்திருப்பவரின் நிலை மேல். ஆனால் அங்கும் அட்டவணையை வேதமாகக் கொள்ளக்கூடாது. ஷாக் பம்பால் காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஃபோர்க்கைச் சில தடவை மெதுவாக அமுக்கி எதிர்க்காற்றறையைச் சமப்படுத்திய பின், மேற்குழாயிலுள்ள ரப்பர் வளையத்தை வைத்து அமிழ்வை அளக்க வேண்டும். வளையம் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டை போதும். அமிழ்வு சரியாக வந்தும் கடும் பாதையில் முழுப் பயணமும் பயன்படவில்லை என்றால், காற்றறைக்குள் இருக்கும் கொள்ளளவுக் குறைப்பான்களை, டோக்கன்கள் என்று சொல்வார்களே, அவற்றில் ஒன்றை எடுத்துவிடலாம். பல ஃபோர்க்குகள் ஆலையிலிருந்தே ஒன்றிரண்டு டோக்கன்களுடன் வருகின்றன.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது ரீபவுண்ட். அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை எண்ணெய்த்தடை கட்டுப்படுத்துகிறது. காற்றழுத்தம் குறைந்தால் எழும் விசையும் குறையும். தடை மட்டும் அப்படியே இருந்தால் ஃபோர்க் சோம்பலாக எழும். அது முழுதாக எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும், அதற்கடுத்த கல்லும் வந்துவிடும். படிப்படியாகக் கீழிறங்கிய ஃபோர்க் கடைசியில் விறைத்துப்போகும். ஓட்டுநருக்குக் கையில் தெரிவது விறைப்பு என்பதால் அவர் இன்னும் காற்றைக் குறைப்பார். நிலைமை மேலும் மோசமாகும். சுருள்மாறிலியை எடைக்கேற்பக் குறைத்தால் தணிப்பையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பது தடையுறு அலைவின் கணக்கு: 80 கிலோவுக்குச் சரியான தடையில் 48 கிலோவுக்கு ஐந்தில் மூன்று பங்கு போதும். குமிழை முழுவதும் திறந்த நிலையிலிருந்து தொடங்கி, ஃபோர்க் துள்ளாத வரை ஒவ்வொரு சொடுக்காக மூடிவருவதே இலகுவானவருக்கு ஏற்ற வழி. முழுவதும் திறந்தும் மெதுவாகவே எழுகிறதென்றால், தணிப்பானில் மெல்லிய எண்ணெய் ஊற்ற வேண்டும். அது பணிமனை வேலை. பெங்களூரில் அதைச் செய்யத் தெரிந்த கைகள் உண்டு; கேட்பவர்கள் குறைவு.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயமே. ஆனால் அமிழ்வை அளக்கப் பத்து நிமிடம் போதும். வண்டியின் உயரத்தைச் சரிபார்க்க வாங்குபவரைக் குறுக்குக்கம்பியின் மேல் நிற்கச் சொல்லும் கடையில், அதே நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் டையையும் மாட்டிவிடலாம். கேட்காமலே அளந்து கொடுப்பது விற்பவரின் கடமை என்று கொள்வதே சரி. என்ன கேட்க வேண்டும் என்று தெரியாதவரே இங்கு பெரும்பான்மை. தெரிந்துகொள்வதற்குள் பலர் வண்டியைப் பால்கனியில் சாய்த்துவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. காற்றைக் குறைத்த ஃபோர்க், நந்தி மலையின் தார்ச்சாலை இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்தும்போது தலைகுனியும். அங்கே பூட்டுக்குமிழ் இருக்கிறது, பயன்படுத்தலாம். காட்டுப் பாதையிலும் அதே குனிவு தொல்லை தந்தால், எடுத்த டோக்கனைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றைக் கூட்டுவது அதற்கும் பிறகுதான்.